நகம் பதிந்த வார்

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள், காற்று முதுகில் அடிக்கும். இன்று ஓர் இடுப்பு வாரின் கதை சொல்லப்போகிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள். பாதியில் விட்டால் இந்தக் கதை பயமாகவே நின்றுவிடும். கடைசி வரை கேட்டால்தான் அது உங்களைப் பத்திரமாக உங்கள் வாசலில் கொண்டுவந்து விடும்.

ஒரு தெருவில் பெல்ட் செய்கிற வீடு ஒன்று இருந்தது. முன்னறை பட்டறை, பின்னறை வீடு. முன்னறையில் நுழைந்தால் முதலில் தோல் வாசனை, அதற்கடியில் தேன்மெழுகு வாசனை, மூச்சு பழகிய பிறகு உலோகத்தின் துருவாசனை. சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வார் தொங்கும். வெட்டியது, விளிம்பு தேய்த்தது, பக்கிளுக்காகக் காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு நிலையில்.

அந்த வீட்டில் மூன்று பேர். வெட்டுகிறவன் மகன். விளிம்பு தேய்க்கிறவள் அவனுடைய அம்மா. தைக்கிறவள் அவன் மனைவி. முழங்கால்களுக்கு நடுவே மரக்கவ்வியை இறுக்கி, வாரை அதில் நிறுத்தி, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக அவள் இழுக்கிற வேகத்தைப் பார்க்கத் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள். நல்ல சதைப்பிடிப்பான உடம்பு. குண்டாகவும் இருந்தாள், ஊசியும் பிடித்தாள் என்று புருஷன் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருந்தான். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. அவள் கோபித்துக்கொண்டதே இல்லை.

அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, நகக்காரன். வேலைக்கு வந்த புதிதில் சுத்தியல் தவறி வலது கட்டைவிரலில் விழுந்து நகம் போயிற்று. புதிதாக முளைத்தது நடுவில் பிளந்தே முளைத்தது. எதை அழுத்தினாலும் ஒரு பிறையை நடுவில் உடைத்து வைத்தது போல ஒரு தடம் விழும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த நகம் கிடையாது.

அந்த நகம்தான் அந்த வீட்டின் அளவுகோல். அங்கே நாடா வைத்து அளக்கமாட்டார்கள். வெட்டிய வாரையே வந்தவர் இடுப்பில் சுற்றிப் பார்ப்பான். இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் எந்த இடத்தில் உடம்பு நிம்மதியாக மூச்சு விடுகிறதோ, அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவான். அதுதான் நடு ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. "உடம்புன்னா ஏறும், இறங்கும். ரெண்டுக்கும் எடம் விடணும்" என்பான். ஆள் வராமல் ஓட்டை போடமாட்டான். "என் தம்பி என்னை மாதிரியேதான் இருப்பான், என்னை வச்சுப் போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால், "அப்ப பெல்ட்டையும் நீங்களே கட்டிக்குங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவான். இன்னொன்றும் உண்டு. அளவு எடுத்த கைதான் ஓட்டை போட வேண்டும். ஒருவர் அளந்து இன்னொருவர் ஓட்டை போட்டது அந்தப் பட்டறையில் நடந்ததில்லை.

ஒரு நாள் அவன் கைக்கு ஓர் அருமையான தோல் வந்தது. முதுகுத்தோல். வயிற்றுத்தோல் போலத் தொளதொளவென்று இருக்காது, விரைப்பாகச் சொன்ன பேச்சைக் கேட்கும். அதில் முதுகெலும்பை ஒட்டிப் பக்கம் பக்கமாக இரண்டு வார் சீவினான்.

"இது எனக்கு. இது உனக்கு" என்றான் மனைவியிடம்.

"எனக்கு எதுக்கு?"

"எல்லாருக்கும் பெல்ட் தைக்கிற. நீ மட்டும் ஏப்ரனை இத்துப்போன கயித்துல கட்டிட்டு உக்காந்திருக்க. பாக்கவே எனக்குக் கேவலமா இருக்கு."

"என் இடுப்புக்கு ஒரு வார் பத்தாதே?"

"உனக்கும் எனக்கும் ஒரே சைஸ்தான், பயப்படாத. கட்டிக்கிட்ட அன்னைக்கு நீ பாதி. இப்ப சரிக்குச் சரி."

பின்னறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என் பையனை ஒட்டடைக்குச்சி மாதிரிதான் குடுத்தேன். அவன் பெருத்ததுக்கும் நீதான்டி காரணம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

அன்று அவனுடைய பழைய பெல்ட் பக்கிள் அருகில் விட்டுப்போயிருந்தது. மறுநாள் தோல்காரரின் லாரியில் ஆற்றைத் தாண்டிப் பதனிடும் கொட்டகைக்குப் போய்த் தோல் பார்த்து வாங்க வேண்டும். அதனால் தன் பெல்ட்டை மட்டும் அவசரமாக முடித்துக் கட்டிக்கொண்டான். காலையில் வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"என்னோடது?" என்றாள் அவள், கவ்வியிலிருந்து நிமிராமல்.

"வந்து அளவெடுத்து ஓட்டை போடுறேன். அவசரத்துல எடுத்தா அளவு பொய் சொல்லும்." வெற்று வாரை நடு ஆணியில் மாட்டினான். "யாருக்கும் தூக்கிக் குடுத்துடாத, குண்டூசி."

போனான். லாரியை ஏற்றிய படகு ஆற்றின் நடுவில் கவிழ்ந்தது. தோல்காரர் கரை சேர்ந்தார். இன்னும் சிலர் நீந்தி வந்தார்கள். நகக்காரன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆற்றில் வெள்ளம் இறங்குகிற வழியாக இல்லை. கீழ்க்கரைகளில் எங்காவது ஒதுங்கியிருக்கலாம், யாராவது எடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கலாம் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். உடல் கிடைக்காத வீட்டில் அழவும் முடியாது, அழாமலிருக்கவும் முடியாது. அம்மாவும் மனைவியும் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை செய்வது போல உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் மருமகள் நடு ஆணியைப் பார்த்தாள்.

மற்ற வார்கள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அது மட்டும் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ அப்போதுதான் மாட்டிவிட்டுக் கையை எடுத்தது போல. பக்கத்தில் போனாள். வெறுமையாக இருந்த வாரில் ஒரு தடம். நடுவில் உடைந்த பிறை.

"அத்தை" என்றாள். 

மாமியார் வந்தாள். கண்ணை விட விரலை நம்புகிறவள் அவள். விளிம்பு மழமழத்துவிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டுதான் தடவிப் பார்ப்பாள். அந்தத் தடத்தின் மேல் விரல் வைத்தவள் வெகு நேரம் எடுக்கவில்லை.

"நான் பெத்த நகம்" என்றாள். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "ஈரமா இருக்கு."

காய்ந்த தோலில் நகம் பதியாது, செல்லங்களே. பதிந்தாலும் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஈரத்தோலில்தான் தடம் நிற்கும். அந்த வாரோ எலும்பு மாதிரிக் காய்ந்தது. தடத்தைச் சுற்றி மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரத்தில் கறுத்திருந்தது.

அடுத்த வாசலில் பித்தளை உருக்கிப் பக்கிள் வார்க்கிறவர் இருந்தார். வாய் ஓயாத மனுஷர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முதலில் சிரித்தார். "பெரியம்மா, நீங்களே அழுத்திட்டு மறந்துட்டீங்க." பிறகு ஒரு துண்டுத் தோலை நனைத்துத் தன் நகத்தை அழுத்திப் பார்த்தார். அந்த வீட்டுப் பெண்களின் நகங்களையும் அழுத்தச் சொன்னார். எல்லாம் முழுப்பிறைகள். அவருக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை. அன்று சாயங்காலம் பின்னறைக்குப் போகும் கதவோடு சேர்த்துப் பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவர்தான் வந்து பூட்டைத் திறந்தார். வார் ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு தடம், முதல் தடத்துக்கு உள்ளே, பக்கிள் வரப்போகும் பக்கமாக ஒரு நூல் அளவு தள்ளி. அதைச் சுற்றியும் ஈரம். சாவியை மேசையில் வைத்துவிட்டு, பேச வாய் இல்லாதவர் போல இறங்கிப் போனார்.

இது என்னவென்று மருமகள்தான் சொன்னாள். அந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரே முதுகில் பக்கம் பக்கமாகச் சீவிய வார்கள் எங்கே பிரிந்து போனாலும் ஒன்றையொன்று மறக்காதாம். ஒன்று மழையில் ஊறினால் இன்னொன்றும் ஊறுமாம். ஒரே ஊரில் ஒரே மழை பெய்தால் எல்லா வாரும்தானே ஊறும் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேளுங்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் உங்களுக்கு அடி விழுந்திருக்கும்.

"அவர் இடுப்புல இருக்குறது இதோட ஜோடி அத்தை. அங்க அவர் எங்க நகம் வைக்கிறாரோ, இங்க அங்க விழுது. உசுரோட இருக்கார். சொல்லி அனுப்புறார்."

மாமியாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மறுத்துப் பேசவில்லை.

"ஆனா ஏன் உள்ள போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

பெல்ட் செய்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடம் பக்கிள் பக்கம் நகர்ந்தால் இடுப்பு சிறுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அவன் எங்கேயோ பட்டினி கிடக்கிறான்.

அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்காருவாள். ஒரு வாய் எடுப்பாள். "அவர் அங்க வயித்தைச் சுருட்டிட்டுக் கிடக்கார். நான் இங்க தின்னா அடுக்குமா?" எழுந்துவிடுவாள். நேராகப் பட்டறைக்குப் போவாள். தோலுக்கு எண்ணெயும் மெழுகும் குழைத்துத் தடவுவதைத் தீனி போடுவது என்றுதான் அங்கே சொல்வார்கள். அந்த வாரை மடியில் போட்டுக்கொண்டு தீனி போடுவாள், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, முனை தொடங்கி, பக்கிளுக்காக மடிக்கிற மடிப்பு வரை. தோல் குடித்துக்கொண்டேயிருக்கும். மறுநாள் பார்த்தால் தடம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். அதைப் பார்த்து அவள் இன்னும் ஒரு வாய் குறைப்பாள்.

இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரிகிறது, இல்லையா? அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மாமியாருக்கு மகன் கிலி. மருமகளுக்குப் புருஷன் கிலி. வாரைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க மறந்துவிட்டார்கள்.

ஏப்ரன் கயிறு அவளை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மீதியும் தொங்கிற்று. மரக்கவ்வியை முழங்கால்களால் இறுக்க முடியாமல் வார் நழுவிற்று. தையல் சாய்ந்தது. பக்கிள்காரர் ஒரு நாள் வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, குண்டு போயிடுச்சு, ஊசி மட்டும்தான் மிச்சம் இருக்கு" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவர் தன் பேச்சைத் தானே விழுங்கிக்கொண்டார்.

பட்டறையும் மாறிக்கொண்டிருந்தது. வெட்டுமேசை முன்னால் நகக்காரன் உட்காரும் தோல் மெத்தை காலையில் அமுங்கியிருக்கும். வெயில் ஏற ஏற மெல்ல எழும்பும், யாரோ எழுந்து போன மாதிரி. நட்டநடு வெளிச்சத்தில், தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே, அறைக்குள் ஆற்று வண்டல் வாசனை வரும். மருமகள் அதை அவன் வேர்வை என்றாள். ஒரு தரம் அவள் குனிந்து நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தபோது இடுப்பைச் சுற்றி ஏதோ குளிர்ச்சியாக வளைந்து, ஓர் இடத்தில் நின்று, அழுத்தி, போயிற்று. கயிறு நழுவுகிறது என்று நினைத்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

தடங்கள் ஊர்ந்து ஊர்ந்து, எந்த வளர்ந்த மனுஷருக்கும் அங்கே ஓட்டை போடமாட்டார்கள் என்கிற இடத்துக்கு வந்துவிட்டன. இனி அதற்கு உள்ளே போனால் அங்கே இருப்பது இடுப்பு இல்லை, எலும்பு. அவள் எழுந்திருக்காமல் படுக்கையிலேயே வாரை அணைத்துக்கொண்டு கிடந்தாள். "முடியப்போகுது அத்தை. அவருக்கு முடியப்போகுது" என்றாள்.

அந்த நிலைமையில்தான் ஆற்றில் தண்ணீர் வடிந்தது. ஒரு முற்பகலில் தோல்காரர் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். கையில் துணிப்பொட்டலம்.

"உக்காருங்க" என்றாள் மாமியார்.

"உக்கார வரலைம்மா." பொட்டலத்தை மேசையில் வைத்தார். "படகு கவுந்த எடத்துக்குக் கொஞ்சம் கீழ. நாணலுக்கு அடியில. லாரிச் சட்டத்துல சிக்கியிருந்துச்சு. அன்னைக்கே போயிருக்கார்மா. அந்த எடத்தை விட்டு நகரவே இல்லை. பக்கிளைப் பார்த்துதான் அடையாளம் தெரிஞ்சுது."

பக்கிள்காரர் வந்து அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மாமியார் அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். ஜோடி வார். தண்ணீரில் கிடந்து, வெயிலில் காய்ந்து, மரக்கட்டை போல இறுகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். விரல் ஓட்டைகளின் மேல் போயிற்று. ஓரத்து ஓட்டை, வட்டம். அடுத்தது, வட்டம். நடு ஓட்டை மட்டும் பக்கிளின் முள் இழுத்து இழுத்து நீண்டிருந்தது. அதற்கு உள்ளே இருந்த இரண்டும் உளி வெட்டிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே, முள் பட்டதே இல்லாத வட்டம்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இவன் எளைக்கவே இல்லையே" என்றாள் தனக்குள்ளே. "நடு ஓட்டையை விட்டு இவன் நகரவே இல்லையே. அப்ப அந்த வாருல விழுறது யாரோட அளவு?"

பின்னறைக்கு வந்தாள். படுக்கையில் மருமகள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தோல்காரர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"எந்திரி."

"முடியலை அத்தை."

"எந்திரிடின்னா எந்திரி!"

கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கை தன் கைக்குள் எவ்வளவு சின்னதாக அடங்குகிறது என்பதைக் கிழவி அப்போதுதான் பார்த்தாள். படுக்கையிலிருந்த வாரை எடுத்தாள். மகன் செய்வது போலவே மருமகளின் இடுப்பில் சுற்றினாள். இறுக்கவில்லை, தளர்த்தவில்லை. முனையும் மடிப்பும் சந்தித்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

விரலுக்கு அடியில் தடம் இருந்தது. கடைசித் தடம். இன்னும் ஈரம் காயாதது.



"அவன் அளவு இல்லடி" என்றாள் மாமியார். "உன் அளவு. வந்து அளவெடுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனானே, எடுத்துட்டு இருக்கான். தெனம் வந்து உன் இடுப்பைச் சுத்திப் பாக்குறான். தெனம் நீ கொறஞ்சுட்டே போற. தோலுக்குத் தீனி போட்டியே பாவி, உன் வயித்துக்குப் போட்டியா?"

மருமகள் வாரில் இருந்த தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். வெளியே இருந்த முதல் தடம், அவனும் அவளும் சரிக்குச் சரி இருந்த அளவு. அதிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்தது எல்லாம் அவளே. அவன் பட்டினி கிடக்கிறான் என்று அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். அவள் பட்டினியைத்தான் அவன் பதித்துக்கொண்டே வந்திருக்கிறான். அந்த ஈரம் வேர்வை இல்லை, ஆற்றுத் தண்ணீர்.

அப்போதுதான் அவள் அழுதாள். அவன் போன பிறகு முதல் முறையாக, புருஷன் செத்தவள் அழுகிற அழுகை. மாமியாரும் அழுதாள். நெடுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, குழாய் போல முனை உள்ள அந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள்.

"அத்தை, அளவு எடுத்த கைதானே…"

"அளவு அவன் எடுத்துட்டான். ஓட்டை போட அவனுக்குக் கை இல்லை. அவனைப் பெத்த கை இருக்கு."

மரக்கட்டையில் வாரை விரித்தாள். கடைசித் தடத்துக்கு அல்ல, முதல் தடத்துக்கு நேராக உளியை நிறுத்தி ஒரே அடி. ஒரு சின்ன வட்டத் தோல் தெறித்து விழுந்தது. வேறு ஓட்டை போடவில்லை.

"அஞ்சு போடணுமே" என்றாள் மருமகள், அந்த நிலைமையிலும்.

"உனக்கு ஒண்ணுதான். இந்த ஓட்டைக்கு நீ வந்து சேரு. வர்ற வரைக்கும் இத்துப்போன கயிறுதான் உனக்கு."

மறுநாள் பக்கிள்காரர் ஒரு பித்தளைப் பக்கிள் வார்த்துக்கொண்டு வந்தார். அரத்தால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். "தங்கச்சி, முள்ளைக் கொஞ்சம் தடிமனா வச்சிருக்கேன். நீ திரும்பக் குண்டானா தாங்கணுமில்ல" என்றார். அவள் இலேசாகச் சிரித்தாள். பக்கிளை அவளே தைத்தாள். முழங்காலில் பலமில்லாததால் மாமியார் கவ்வியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சாப்பிட்டாள். முதலில் ஒரு வாய், மாமியாரின் முறைப்புக்காக. அப்புறம் இரண்டு வாய். ஆணியில் மாட்டிய பெல்ட்டைக் காலையில் போய்ப் பார்ப்பார்கள். தடம் இருக்கும், ஈரமாக. ஆனால் திரும்பி நடக்கிற தடம். உள்ளேயிருந்து வெளியே, பழைய தடங்களின் இடைவெளிகளில் கால் வைத்து, ஓட்டையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் இடுப்பில் அந்தக் குளிர்ச்சி வளையும்போது அவள் கயிற்றை இழுத்துக் கட்டுவதில்லை. ஊசியை நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பாள். அளவு எடுக்கும்போது ஆடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

தடம் ஓட்டையை நெருங்கியது. நெருங்கி, நின்றுவிட்டது. மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம்.

மாமியார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். மருமகளின் தட்டில் பாதி அப்படியே மிச்சம் இருந்தது. தட்டோடு வந்து பட்டறையில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்டி?"

மருமகள் நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டே இருந்தாள்.

"ஓட்டைக்கு வந்துட்டா அவன் வரமாட்டான். அதானே?"

"அளவு சரியாயிட்டா அப்புறம் யாரு அத்தை அளவெடுக்க வருவாங்க? இப்படியே ஒரு நூல் கொறச்சலா இருந்துட்டுப் போறேனே. யாருக்கு என்ன நஷ்டம்?"

கிழவி தட்டைக் கீழே வைத்தாள்.

"உனக்குப் புருஷன் போறான். எனக்கு? எனக்கும் அவன்தான்டி போறான். தெனம் காலையில அந்த ஈரத்தைத் தொட்டுட்டுத்தான் நானும் அடுத்த வேலையைப் பாக்குறேன். அது நின்னா நான் எதைத் தொடுவேன்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவன் ஆத்துலேர்ந்து நடந்து வர்றான். நனைஞ்சுக்கிட்டே வர்றான். ஒரு பெல்ட்டுக்கு எத்தனை தடவைடி ஒருத்தன் அளவெடுப்பான்? அவனை நிம்மதியா எந்திரிச்சுப் போக விடு."

மருமகள் வெட்டுமேசை முன்னால் இருந்த தோல் மெத்தையைப் பார்த்தாள். காலை வெயிலில் அது இன்னும் அமுங்கியே இருந்தது. கையை நீட்டித் தட்டை எடுத்துக்கொண்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து, தன் பங்குக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே சாப்பிட்டாள். நினைத்துப் பார்த்தால் அவளும் அதுவரை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை.

அப்புறம் ஒரு காலை. கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு மருமகள் பெல்ட்டை ஏப்ரன் மேல் சுற்றினாள். முனை பக்கிளுக்குள் போயிற்று. முள் அந்த ஒற்றை ஓட்டையைத் தேடியது, கண்டுபிடித்தது, உட்கார்ந்தது. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை.

"ஒட்டடைக்குச்சியா வந்து நின்னவ" என்றாள் மாமியார். "திரும்பவும் சரிக்குச் சரி ஆயிட்ட."

முன்பு சிரித்த மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மூன்றாவது ஆளுக்கும் இடம் இருந்தது.

அடுத்த நாள் ஆணியில் பெல்ட் அசையாமல் தொங்கியது. புதிய தடம் எதுவும் இல்லை. மாமியார் கண்ணை மூடி, தடங்களையெல்லாம் தாண்டி, ஓட்டையில் விரல் வைத்தாள். அதன் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது, அளவு சரியா என்று யாரோ கடைசியாக ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன மாதிரி. மருமகளின் கையைப் பிடித்து அவள் விரலையும் அங்கே வைத்தாள். வெயில் ஏற ஏற அந்த ஈரம் காய்ந்தது. அதன் பிறகு அந்தத் தோல் நனையவே இல்லை. மெத்தையும் அமுங்கவில்லை.

குண்டூசி பிறகு வெட்டவும் பழகிக்கொண்டாள். அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் மேசை முன்னால் உட்காருவாள். அதில் ஒரே ஓட்டை, அதற்கு உள்ளே வரிசையாக உடைந்த பிறைகள். இதென்ன வேலைப்பாடு, இதே மாதிரி எனக்கும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், "அதுக்கு ஆள் இல்லைங்க" என்பாள். யாராவது இளைத்துப்போய்ப் பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து உள்ளே ஓர் ஓட்டை கூடப் போடச் சொன்னால், உளியை உடனே எடுக்கமாட்டாள். முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். "ஓட்டை அப்புறம் போடலாம். வீட்டுல யார் சாப்பிட வைக்கிறாங்க உங்களை?" என்று கேட்பாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளே. பிடித்த கையை இனி விடலாம். விடாவிட்டாலும் சரி. உங்கள் வீட்டில் ஒருவர் இளைப்பது இன்னொருவர் கண்ணுக்குத் தப்பாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுத் தட்டுகள் எதிரெதிரே வைக்கப்படட்டும், மிச்சமில்லாமல் காலியாகட்டும். வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் உங்கள் வாசலுக்குக் காய்ந்த காலோடு வந்து சேரட்டும். வர முடியாமல் போனவர்களுக்கு உங்கள் வீட்டில் எப்போதும் உட்கார ஓர் இடமும், நிம்மதியாக எழுந்து போக ஒரு வழியும் இருக்கட்டும்.